அறுபதாம் பக்கத்து ஜெபம்

1971-ஆம் வருடம் செப்டம்பர் மாதத்தில் இருபத்தொரு நாள், காலைதோறும் முழங்காலில் நின்று ஆண்டவரிடம் ஒரே ஒரு காரியம் கேட்டேன். என் தாளைத் திருடியவனைக் காட்டும் என்று கேட்டேன். திருடன் யார் என்று எனக்கு ஏற்கெனவே தெரியும். அவர் அதை உறுதிப்படுத்திக் கொடுத்தால் போதும் என்று இருந்தேன்.

விசுவாசக் குடும்பத்தாரே, அந்த ஜெபத்துக்குக் கிடைத்த பதிலை நான் இதுவரை எந்தக் கூட்டத்திலும் எழுந்து சொன்னதில்லை. வெட்கம். எனக்கு இப்போது எழுபத்து மூன்று வயது. இனியும் மறைத்து வைத்தால் அது ஆண்டவருக்குச் சேரவேண்டியதை நான் வைத்துக்கொண்டதாக ஆகும்.

நான் காரைக்குடிவாசி. பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் எழுத்தராக இருந்தேன். அண்ணன் கையெழுத்தைத் தம்பி போட்டு வந்ததைப் பார்த்திருக்கிறேன். செத்தவர் கைரேகை வைத்த பத்திரத்தையும் பார்த்திருக்கிறேன். அப்படிப் பதினான்கு பத்திரங்களை நானே கண்டுபிடித்தேன். அதனால் யார் என்ன சொன்னாலும், இவர் எதை மறைக்கிறார் என்றுதான் முதலில் தேடுவேன். எதையும் எண்ணாமல் விடமாட்டேன். வீட்டிலிருந்து கோவில் வாசல் வரை எத்தனை அடி என்று கேட்டாலும் சொல்வேன்.

1969 அக்டோபரில் என் மனைவி அன்னம்மாளுக்கு வாதம் வந்தது. வலது பக்கம் முழுதும் விழுந்துவிட்டது. பேச்சும் போயிற்று. அவளுக்கு வேதத்தில் ஒரு பகுதியை வாசித்துவிட்டு, அதைப் பற்றி ஒரு பக்கத்துக்கு நானே ஏதாவது எழுதிக் காலையில் படித்துக் காட்டுவேன். ஒரு கேள்வியில் தொடங்கி, இரண்டு வரி ஜெபத்தில் முடியும். பிடித்திருந்தால் இடது கையில் இரண்டு விரலைத் தூக்குவாள். பிடிக்காவிட்டால் கண்ணை மூடிக்கொள்வாள். நவம்பர் முதல் தேதி தொடங்கினேன். அடுத்த வருடம் அக்டோபர் முப்பத்தொன்று வரை ஒரு நாள்கூட விடவில்லை. மறுநாள் காலை தாளோடு போய்க் கட்டில் அருகே உட்கார்ந்தேன். அவள் போய்விட்டிருந்தாள். அன்றைய தாளை மடித்து அவளுடைய சவப்பெட்டியிலேயே வைத்துவிட்டோம்.

மீதி இருந்தவை முந்நூற்று அறுபத்தைந்து தாள்கள். ஒரு வருடத்துக்குச் சரியாக இருந்தது. படுக்கையில் கிடக்கிற மற்றவர்களுக்கும் இது பயன்படட்டும் என்று, நாளுக்கு ஒரு பக்கமாகப் புத்தகம் போடத் தீர்மானித்தேன். ‘காலை மிடறு’ என்று பெயர் வைத்தேன். பக்க எண்ணைப் பார்த்தாலே அது வருடத்தின் எத்தனையாவது நாள் என்று தெரியவேண்டும் என்பது என் ஏற்பாடு. முன்னுரைக்குத் தனி எண். ஜனவரி முதல் தேதிதான் முதல் பக்கம்.

அதற்குள் இரண்டு கண்ணிலும் புரை விழுந்துவிட்டது. வலது கண் ஏறக்குறைய போய்விட்டது. இடது கண்ணில் பூதக்கண்ணாடி வைத்தால் எழுத்து தெரியும். மதுரையில் டாக்டர் உடனே அறுவை செய்யவேண்டும் என்றார். புத்தகம் முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன். ஆறு மாதம் உட்கார்ந்து அத்தனை தாளையும் நல்ல பிரதியாக எழுதினேன். பழைய துண்டுத் தாள்களை எரித்தேன். யாராவது எடுத்துத் தங்கள் பெயரில் போட்டுவிடுவார்களோ என்ற பயம். ஆகவே உலகத்தில் இருந்தது ஒரே ஒரு பிரதி. அதில் ஒரு தாள் போனாலும் திரும்ப எழுத எனக்குக் கண்ணும் இல்லை, அந்தக் காலைகளும் இல்லை.

யாரைச் சந்தேகித்தேன் என்று கேட்காதீர்கள். யாரைச் சந்தேகிக்கவில்லை என்று கேளுங்கள். எங்கள் சபை உபதேசியார் பாக்கியநாதன் இரண்டு தடவை வந்து, “பெரியவுக எழுதுனதக் கொஞ்சம் பாக்கலாமா?” என்று கேட்டார். அவர் பாட்டு எழுதுகிறவர். எதற்குக் கேட்கிறார்? கொடுக்கவில்லை. என் மகள் எஸ்தரின் டிரங்குப் பெட்டியையும் ஒரு நாள் அவள் பள்ளிக்கூடம் போன பிறகு திறந்து பார்த்தேன். இதை அவளிடம் சொன்னதில்லை. இதை வாசிக்கும்போது தெரிந்துகொள்வாள்.

1971 ஜூலையில் எங்கள் ஊரில் ஒரு சிறிய அச்சகத்தில் வேலை தொடங்கியது. முதலாளி ஒரு செட்டியார். வருடா வருடம் கடைக்காரர்களுக்குத் தினசரிக் காலண்டரும் கல்யாணப் பத்திரிகையும் அடித்துக் கொடுப்பவர். அச்சுக் கோக்கிறவர் பெயர் கருப்பையா ஆசாரி. ஐம்பது வயது இருக்கும். பள்ளத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து போவார். அவருடைய அப்பா மரவேலைக்காரர். இவர் சின்ன வயதிலேயே ஈய எழுத்துக்கு வந்துவிட்டார்.

அங்கே வேலை எப்படி என்றால், எட்டுப் பக்கம் சேர்ந்தது ஒரு பாரம். எட்டுப் பக்கத்தையும் கோத்து, புரூஃப் எடுத்து, நான் திருத்திக் கொடுத்ததும் அச்சடித்துவிட்டு, எழுத்துகளைக் கலைத்து அறை அறையாகத் திரும்பப் போட்டுவிடுவார்கள். அந்த எழுத்துகளைக் கொண்டுதான் அடுத்த பாரம். ஆகவே அச்சடித்த பிறகு திரும்பிப் போக வழி கிடையாது.

முதல் நாளே கருப்பையா சிரித்துக்கொண்டு சொன்னார். “ஐயா, உங்க ‘கர்த்தர்’ எனக்குப் பெரிய கஷ்டத்தக் குடுக்குறாருய்யா. ஒரு பேருக்கு ரெண்டு ‘ர்’. பக்கத்துக்குப் பத்துத் தடவ வாராரு. எங்கிட்ட இருக்குற ‘ர்’ எல்லாம் நாலு பக்கத்துலயே தீந்துபோகுது. ‘ஆண்டவர்’னு எழுதுனீகன்னா ஒரு எழுத்தாச்சும் மிஞ்சும்.”

நான் சிரிக்கவில்லை. என் எழுத்தை மாற்றச் சொல்ல இவன் யார் என்று மனதுக்குள் எழுதிக்கொண்டேன்.

நான் தாள்களை மாதம் மாதமாகத்தான் கொடுத்தேன். ஒவ்வொரு கட்டுக்கும் ரசீது. பதிவு அலுவலகத்தில் நான் கற்ற ஒரு பழக்கம் உண்டு. எத்தனை தாள் என்று எதிராளியிடம் சொல்லக்கூடாது. எண்ணிக்கை நம் மனதில் மட்டும் இருக்கவேண்டும். அப்போதுதான் எதிராளியின் நாணயம் தெரியும். அதனால் ரசீதில், ‘இந்த மாதத்துக்குரிய தாள்கள் முழுவதும் பெற்றுக்கொண்டேன், ஒன்றும் குறைவில்லை’ என்று மட்டும் எழுதிக் கருப்பையாவிடம் கையெழுத்து வாங்கினேன்.

“எண்ணிப் பாக்க வேணாமாய்யா?” என்றார்.

“உங்களுக்கு எதுக்கு எண்ணிக்கை? ஒரு தாள் கொறஞ்சாலும் எனக்குத் தெரியும். கோர்ட்டுல பாத்துக்குவோம்” என்றேன்.

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. கையெழுத்துப் போட்டார்.

ஏழு பாரம் ஒழுங்காக வந்தது. ஐம்பத்தாறு பக்கம். பிப்ரவரி இருபத்தைந்து வரை. ஆகஸ்ட் முதல் வாரத்தில் எட்டாம் பாரம் வரவேண்டும். வந்தது ஒன்பதாம் பாரம். மார்ச் ஐந்தாம் தேதியிலிருந்து தொடங்கியது. பூதக்கண்ணாடியை வைத்துப் பக்க எண்ணைப் பார்த்தேன். அறுபத்தைந்து. விரல் விட்டு எண்ணினேன். மார்ச் ஐந்து, அறுபத்து நான்காவது நாள். எத்தனை தடவை எண்ணினாலும் அறுபத்து நான்குதான். இவர்கள் நடுவில் ஒரு பக்கம் இடம் விட்டிருக்கிறார்கள்!

என் புத்தகத்தில் வேறொருவர் பக்கம். முதலாளியின் காலண்டர் விளம்பரமா? பாக்கியநாதன் உபதேசியாரின் பாட்டா? புரூஃபில் எதையும் திருத்தாமல் நேரே அச்சகத்துக்குப் போனேன்.

“வாங்கய்யா, இருங்க. காப்பி சாப்புடுறீகளா?” என்றார் முதலாளி.

“காப்பி வேணாம். எட்டாம் பாரம் எங்க?”

“வரும்யா. மொறையா வந்துரும்.”

“எட்டு வராம ஒம்பது எப்புடி வந்துச்சு?”

“எழுத்து சும்மா கெடக்கக் கூடாதுன்னு ஒம்பதக் கோத்துட்டாக. கருப்பையாவத்தான் கேக்கணும்.”

கருப்பையா எழுத்துப் பெட்டிக்கு முன்னால் நின்று எழுத்து பொறுக்கிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. அவருடைய காதுகள் மட்டும் சிவந்தன. பக்கத்தில் போய்ப் பார்த்தேன்.

“என்ன கருப்பையா, பிப்ரவரி எங்க?”

“இருக்குங்கய்யா. கொஞ்சம் பொறுங்க.”

“பக்கம் ஒண்ணு ஏன் கூடுது?”

அவர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி சுவரைப் பார்த்தார். முப்பத்தொரு வருடம் நான் பார்த்த பார்வை அது. பொய்ப் பத்திரத்துக்குச் சாட்சி போட வந்தவர்கள் இப்படித்தான் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள்.

பத்தாம் பாரம் வந்தது. பதினொன்று வந்தது. எல்லாவற்றிலும் ஒரு எண் கூட. எட்டு மட்டும் வரவில்லை.

செப்டம்பர் தொடக்கத்தில் எஸ்தர் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ஒரு செய்தி கொண்டுவந்தாள். “அப்பா, பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துப் பலகாரக் கடையில உங்க கம்பாசிட்டரப் பாத்தேன். பக்கோடா கட்டுற பழைய தாளையெல்லாம் ஒண்ணொண்ணாப் பிரிச்சுப் பாத்துக்கிட்டிருந்தாரு. கடைக்காரரு ‘வாங்குறதுன்னா வாங்கு, படிக்கிறதுன்னா லைப்ரரிக்குப் போ’ன்னு வையிறாரு.”

அச்சகத்தில் கழிவுத் தாளைப் பலகாரக் கடைக்குப் போடுவது வழக்கம். அப்படியானால் என் தாள் விலைக்குப் போயிருக்கிறது. அன்னம்மாள் இரண்டு விரல் தூக்கிய தாளில் யாரோ எண்ணெய் வழியப் பக்கோடா தின்றிருக்கிறார்கள். அதை மறைக்க வேறு யாருடைய பக்கத்தையோ செருகப் பார்க்கிறார்கள்.

நாலு நாள் சோறு இறங்கவில்லை. இதற்காகவா உயிரோடு வைத்திருக்கிறீர் என்று ஆண்டவரிடம் கேட்டேன். புத்தகம் இல்லாவிட்டால் கண் எதற்கு, அறுவையும் வேண்டாம் என்று டாக்டருக்குக் கார்டு எழுதினேன். எஸ்தர் அதைத் தபாலில் போடவில்லை. அதுவும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

செப்டம்பர் ஆறாம் தேதி திங்கட்கிழமை ஜெபத்தைத் தொடங்கினேன். இருபத்தொரு நாள் என்று பொருத்தனை, அதாவது நேர்ச்சை. காலை ஐந்து மணிக்கு எழுந்து, பேர் பேராகச் சொல்லி ஜெபித்தேன். கருப்பையாவின் கையைக் காட்டும், முதலாளியின் வாயைத் திறவும், உபதேசியாரின் எண்ணத்தை வெளிப்படுத்தும் என்று சத்தமாகவே கேட்டேன்.

எஸ்தர் அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பத்தாம் நாள் பொறுக்க முடியாமல், “அப்பா, ஆண்டவரே பதில் சொன்னாலும் கையெழுத்துப் போட்டாத்தான் நம்புவீக போல” என்றாள்.

“உனக்கு என்ன தெரியும்? உலகம் தெரியாதவ.”

“உலகம் தெரிஞ்ச நீங்க அந்த மனுசனக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேக்கலாமுல்ல?”

“திருடங்கிட்டப் போய் நீ திருடுனியான்னு கேக்கச் சொல்றியா?”

பதினைந்தாம் நாள் இன்னொரு சாட்சியமும் கிடைத்தது. கோவில் வெளிக் கேட்டருகே கருப்பையாவும் பாக்கியநாதன் உபதேசியாரும் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். உபதேசியார் “தோத்திரம் ஐயா” என்றார். கருப்பையா தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு விலகினார். இரண்டும் இரண்டும் நாலு என்று முடிவு செய்தேன். அன்று வீட்டுக்குப் போய்க் காவல் நிலையத்துக்குப் புகார் எழுதினேன். பூதக்கண்ணாடியை வைத்து மூன்று நாள் எழுதினேன். பதிவு அலுவலக முறைப்படி ஒன்று, இரண்டு என்று பதினோரு குற்றச்சாட்டு. ரசீதையும் இணைத்தேன். இருபத்தொரு நாள் முடிந்ததும் கொடுப்பது என்று வைத்துக்கொண்டேன்.

இருபத்தாறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை பொருத்தனை முடிந்தது. ஒன்றும் நடக்கவில்லை. மறுநாள் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குச் சட்டை போட்டுக்கொண்டு, புகாரைப் பையில் வைத்துக்கொண்டு புறப்பட்டேன். வாசலில் கருப்பையா நின்றார். கையில் ஈரம் காயாத புரூஃப்.

“எட்டாம் பாரம்யா” என்றார்.

வாங்கினேன். உள்ளே கூப்பிடவில்லை. வாசலிலேயே வெளிச்சத்தில் நின்று கண்ணாடியை வைத்தேன். ஐம்பத்தேழு. பிப்ரவரி இருபத்தாறு. என்னுடையது. ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது. என்னுடையவை. அறுபது. மேலே ‘பிப்ரவரி 29’ என்று இருந்தது. அதற்குக் கீழே நான் எழுதாத ஒரு பக்கம்.

அதை அப்படியே இங்கே தருகிறேன். புத்தகத்திலும் இப்படித்தான் இருக்கிறது.

‘தொலைத்தவன் யாரிடம் போய்ச் சொல்லுவான்? ஒரு பொருள் தொலைந்தால் அது தன் பொருளாக இருந்தால் அழுதுவிட்டுப் போகலாம். அடுத்தவர் நம்பிக் கொடுத்ததாக இருந்தால் அழவும் முடியாது. ஏழு கடை ஏறி இறங்கினேன். பிரித்த பொட்டலங்களுக்குக் கணக்கில்லை. கடைக்காரர் சிரித்தார். கிடைக்கவில்லை. தொலைந்தது ஒரே ஒரு தாள். ஆனால் ஒரு மனிதர் கண் தெரியாமல் குனிந்து குனிந்து எழுதிய தாள். நான் தொலைத்தது தாளை அல்ல, அவர் குனிந்ததை.

ஜெபம்: கர்த்தரே, எனக்கு உம்மோடு பழக்கமில்லை. உம்முடைய பெயரை மட்டும் ஈயத்தில் பல நூறு தடவை கோத்திருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் கேட்கிறேன். தாள் கிடைக்காமல் போனாலும் போகட்டும். அந்தப் பெரியவர் மனம் உடையாமல் பார்த்துக்கொள்ளும். ஆமென்.’

படித்து முடித்தபோது என் கோபம் எங்கே போவது என்று தெரியாமல் நின்றது. ஆனாலும் பழக்கம் விடவில்லை. “யார் எழுதுனது? உபதேசியாரா? கையெழுத்துப் பிரதியக் காட்டுங்க” என்றேன். கையெழுத்தைப் பார்த்தால் கண்டுபிடித்துவிடுவேன் அல்லவா.

“பிரதி இல்லைய்யா. தாள்ல எழுதல. நேரா ஈயத்துலயே கோத்தேன்.”

“நீயா?”

“நான்தான்யா. உபதேசியாருகிட்ட, உங்க ஆளுக எதையாச்சும் தொலைச்சா எப்புடிக் கும்புடுவீகன்னு மட்டும் கேட்டேன். உள்ளதச் சொன்னாப் போதும்னாரு.” துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். “மொதல்ல உங்க மாதிரியே எழுதி ஏமாத்திரலாம்னுதான்யா நெனச்சேன். ரெண்டு மூணு வாட்டி கோத்துப் பாத்தேன். பொய்யாவே வந்துச்சு. கலைச்சுப் போட்டுட்டேன். அப்பறம் நடந்ததையே கோத்துட்டேன். நான் ஒரு தாளத் தொலைச்சுப்புட்டேன்யா. இருவத்தொம்பதாந் தேதித் தாள். எங்க போச்சுன்னு சத்தியமாத் தெரியல. முழுசும் வாங்குனேன்னு கையெழுத்துப் போட்டுருக்கேன். கோர்ட்டுக்குப் போறதுன்னா போங்க. மொதலாளி மேல குத்தமில்ல. எங்கெஞ்சலுக்குத்தான் அவரு வாயத் தொறக்கல.”

“எந்த இருபத்தொம்பது?” என்றேன்.

“புத்தகம் வர்ற வருசத்துக்குத்தானய்யா. அந்த வருசம் பிப்ரவரிக்கு இருவத்தொம்பது நாளுங்க. போன மாசமே காலண்டருக்குக் கோத்தாச்சே. செவ்வாக்கெழம.”

எஸ்தர் எனக்குப் பின்னால் வந்து நின்றிருந்தாள். அவள் மெல்லச் சொன்னாள். “அப்பா. அம்மாவுக்கு நீங்க படிச்சது எழுவதாம் வருசத்துல. அந்த வருசம் பிப்ரவரிக்கு இருபத்தெட்டு நாளுதான். இருபத்தொம்பதுக்கு நீங்க எழுதவே இல்லையேப்பா.”

தாள் தொலையவே இல்லை. இருந்தால்தானே தொலைய.

முந்நூற்று அறுபத்தைந்தை நான் எத்தனை தடவை எண்ணியிருப்பேன்! எண்ணிக்கை ஒரு நாளும் தப்பவில்லை. வருகிற வருடத்துக்கு ஒரு நாள் அதிகம் என்பது மட்டும் எனக்குத் தோன்றவில்லை. பிப்ரவரிக் கட்டில் இருபத்தெட்டுத் தாள் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் கருப்பையா அன்றைக்கே, “ஒரு நாள் விட்டுட்டீகளேய்யா” என்று சிரித்திருப்பார். நான் அவருடைய நாணயத்தைப் பரீட்சை பார்ப்பதற்காக எண்ணிக்கையை மறைத்தேன். மறைத்துவிட்டு, முழுவதும் பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்தும் வாங்கினேன். அந்தக் கையெழுத்தை நம்பி அந்த மனிதர், இல்லாத ஒரு தாளை ஏழு கடையில் தேடினார்.

வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். கருப்பையாவுக்கு விஷயம் விளங்கச் சிறிது நேரம் ஆயிற்று. விளங்கியதும் அவர் சந்தோஷப்படவில்லை. கோபப்பட்டார். அதுதான் நியாயம்.

“அப்ப நான் தொலைக்கலையா? ஏய்யா, ஒரு வார்த்த! எத்தனைன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாது? இந்த ஒன்றரை மாசமா எம்பொண்டாட்டி எனக்குப் பேயி புடிச்சிருக்குன்னு மந்திரிக்கக் கூட்டிக்கிட்டுப் போனா. பக்கோடா வாசம் வந்தாலே வயித்தக் கலக்குது.”

எஸ்தருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுதுகொண்டே சிரித்தாள். பிறகு அவரும் சிரித்தார். நான் மட்டும் சிரிக்க முடியாமல் பையிலிருந்த புகாரை எடுத்து அவரிடம் நீட்டினேன். மறைக்கக்கூடாது என்று தோன்றிற்று. அவர் பதினோரு குற்றச்சாட்டையும் நின்றபடியே முழுவதும் படித்தார். அச்சுக் கோக்கிறவர் அல்லவா, வேகமாகப் படிப்பார்.

“இதுலயும் ‘ர்’ நெறைய இருக்குய்யா” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். விரல் நுனியெல்லாம் ஈயக் கறுப்பு. என் அறுபத்தெட்டு வயதில் நான் ஒருவரிடம் மன்னிப்புக் கேட்டது அதுதான் முதல் தடவை. இதையும் எண்ணித்தான் சொல்கிறேன். அன்றே உபதேசியார் வீட்டுக்கும் போனேன். அவர், “பெரியவுக பிப்ரவரிக்கு எத்தன பக்கம் எழுதியிருக்கீகன்னு கேக்கத்தான்யா ரெண்டாந்தடவ வந்தேன். வாசல்லயே அனுப்பிட்டீகளே” என்று சொல்லிச் சிரித்தார். அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். உண்மையாகவும் இருக்கலாம். மேற்கொண்டு விசாரிக்கவில்லை. விசாரிக்காமல் விட்டது எனக்குப் புதுப் பழக்கம்.

அந்தப் பக்கத்தை என்ன செய்வது? நான் புதிதாக ஒன்று எழுதலாம். ஒரு பக்கம்தானே, நான் சொல்லச் சொல்ல எஸ்தரை எழுதச் சொல்லலாம். மூன்று நாள் முயன்றேன். ஒரு கேள்வியோடு தொடங்குவேன். மேலே போகாது. மேலும், நம் சபையில் சேராத ஒருவருடைய ஜெபம் நம் புத்தகத்தில் இருக்கலாமா என்றும் உறுத்தியது. கடைசியில் ஆண்டவரிடமே கேட்டேன். இந்தத் தடவை இருபத்தொரு நாள் என்று கெடு வைக்கவில்லை. முழங்காலில் நின்றபோது ஒன்று புரிந்தது.

செப்டம்பர் மாதம் முழுவதும் இரண்டு பேர் ஒரே தாளைப் பற்றி அவரிடம் பேசியிருக்கிறோம். ஒருவன் நான், அறுபது வருடமாக அவர் பெயரைச் சொல்லுகிறவன். திருடனைப் பிடித்துக் கொடும் என்று கேட்டேன். இன்னொருவர் அவரை அறியாதவர். அந்தப் பெரியவர் மனம் உடையாமல் பார்த்துக்கொள்ளும் என்று கேட்டார். என் மனம் உடையவில்லை. திறந்தது. அப்படியானால் கேட்கப்பட்டது யாருடைய ஜெபம்? இதை என் ஜெபத்துக்குக் கிடைத்த பதில் என்று சாட்சி சொல்ல எழுந்தால் நான் மறுபடியும் ஒரு பொய்ப் பத்திரம் எழுதுகிறவன் ஆவேன். அவருடைய ஜெபத்துக்குக் கிடைத்த பதில் என்மேல் வந்து இறங்கியது. அவ்வளவுதான் நான் சொல்லக்கூடிய சாட்சி.

பக்கம் அப்படியே நின்றது. ஒரு புள்ளிகூட மாற்றவில்லை. பெயர் போடட்டுமா என்று கருப்பையாவைக் கேட்டேன். “வேணாம்யா. எங்க தெருவுல நூறு கேள்வி வரும். உங்க பேருலயே கெடக்கட்டும்” என்றார். ஆகவே முன்னுரையில், அறுபதாம் பக்கம் என்னுடையதல்ல என்று மட்டும் எழுதினேன். இப்போதும் அவர் கேட்டுக்கொண்டபடி அவருடைய உண்மையான பெயரை இங்கே மாற்றித்தான் எழுதியிருக்கிறேன்.

டிசம்பர் நடுவில் புத்தகம் வந்தது. முந்நூற்று அறுபத்தாறு பக்கம். மார்ச்சில் மதுரைக்குப் போய்க் கண் அறுவை செய்துகொண்டேன். கட்டு அவிழ்த்து, தடித்த கண்ணாடி போட்டதும் டாக்டர் ஏதாவது படியுங்கள் என்றார். எஸ்தர் புத்தகத்தைக் கொடுத்தாள். பூதக்கண்ணாடி இல்லாமல் ஒரு பக்கம் முழுவதும் படித்தேன். அதற்காகவும் ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.

புத்தகத்தைப் பற்றி எனக்கு வந்த கடிதங்களை எண்ணி வைத்திருக்கிறேன். நூற்றுப் பன்னிரண்டு. அவற்றில் நாற்பத்தொன்று அறுபதாம் பக்கத்தைப் பற்றியவை. ஒக்கூரிலிருந்து ஒரு சகோதரி, பிப்ரவரி அல்லாத மாதங்களிலும் அதைத்தான் வாசிப்பதாக எழுதியிருந்தார்கள். ஆரம்பத்தில் பொறாமையாக இருந்தது. பொய் சொல்லமாட்டேன். இப்போது குறைந்திருக்கிறது.

நான் முழுவதும் மாறிவிட்டேன் என்று சொல்ல வரவில்லை. இன்றைக்கும் எண்ணுகிறேன். தபால்காரர் உறையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தால் இன்றைக்கும் உள்ளே சுருக்கென்கிறது. ஆனால் சுருக்கென்றதும் அவரைக் கூப்பிட்டு, “என்ன பாக்குறீக?” என்று கேட்டுவிடுகிறேன். “ஸ்டாம்பு நல்லாருக்குய்யா, எம்மகளுக்குச் சேக்குறேன்” என்கிறார். கிழித்துக் கொடுக்கிறேன். விஷயம் அங்கேயே முடிந்துவிடுகிறது.

ஆகவே உங்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். உங்களில் யாராவது இந்த நாள்களில் முழங்காலில் நின்று இன்னொருவர் மேல் ஆண்டவரிடம் புகார் சொல்லிக்கொண்டிருக்கலாம். சொல்லுங்கள், அவர் கேட்பார், அவரை நம்பலாம். ஆனால் அதே நேரத்தில் அந்த மனிதரும் ஏதோ ஒரு மூலையில் நின்று, உங்களுக்காக அவரிடம் கேட்டுக்கொண்டிருக்கக்கூடும். ஆமென் சொல்லிவிட்டு எழுந்ததும், செருப்பைப் போட்டுக்கொண்டு நேரே அவர் வீட்டுக்குப் போங்கள். போய் ஒரு வார்த்தை பேசுங்கள்.